ஒரே வீட்டுக்கு வந்த கோப்பை

எங்கள் வீட்டுச் செஸ் கடிகாரத்தில் என் பக்கத்துப் பொத்தான் முரண்டு பிடிக்கும். பிரிக்பீல்ட்ஸ் செஸ் சங்கத்தில் புது டிஜிட்டல் கடிகாரங்கள் வந்தபோது, பழையவற்றை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சுகுமாறன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கிள்ளான் வரைக்கும் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மரப்பெட்டி, இரண்டு முகம், மேலே இரண்டு பொத்தான். அவர் பக்கத்துப் பொத்தான் தொட்டாலே இறங்கும். என் பக்கம் கட்டைவிரலை ஊன்றி நகம் வெளுக்கும் வரைக்கும் அழுத்த வேண்டும்.

செஸ் ஆடாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் போதும். காயை நகர்த்தியதும் நம் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். அமுக்க மறந்தால், எதிராளி உட்கார்ந்து யோசிக்கிற நேரமெல்லாம் நம் கணக்கில்தான் கழியும். நேரம் தீர்ந்தால் தோல்வி. போர்டில் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் தோல்விதான்.

அந்தக் கடிகாரம் வந்த முதல் நாள், நான் இரண்டு கையாலும் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவர் சிரித்தார். "விடு தனம், நான் அமுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் காயை வைத்துவிட்டுக் கையை மடிக்குக் கொண்டுபோய்விடுவேன். அவர் கையை நீட்டி என் பொத்தானை அமுக்குவார். தன் நேரத்தைத் தானே ஓடவிடுகிற எதிராளி யாருக்குக் கிடைப்பான்? எனக்குக் கிடைத்திருக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே விட்டோம். பேச்சு விட்ட இடத்தில் போர்டு வந்து உட்கார்ந்தது. அவருக்குச் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன் வேலை. நான் போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் கம்பெனி ஆபீஸில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காய்களை அடுக்குவோம். என் மாமியார் பஞ்சவர்ணம் ஹாலில் டிவி முன்னால் இருந்தபடியே, "ஆரம்பிச்சிட்டாங்க புருஷனும் பொண்டாட்டியும், மரக்கட்ட யாவாரத்த" என்பார்.

நான் அவரைவிட நன்றாக ஆடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வீட்டில் பாதிக்கு மேல் நான்தான் ஜெயிப்பேன். தோற்றால் அவர் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று எழுந்து போவார். அந்த டீயில் சீனி எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாக இருக்கும்.

சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸ் போவோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் சங்கம். அங்கே லோகன் என்று ஒருவன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். "சுகு அண்ணே, நேத்து வீட்டுல யாரு கிங், யாரு குயினு?" என்று தொடங்குவான். "அக்காகிட்ட தோத்தாதான் அண்ணனுக்குச் சோறு போல" என்பான். கூட்டம் சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாக என் வீட்டுக்காரர்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நானும் நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதில், நான் நான்காம் படிவம் படித்தபோது, சிலாங்கூர் மாநிலப் பள்ளி மாணவர் செஸ் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது நாங்கள் டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். போட்டி குவாந்தானில். அப்பா லோரி ஓட்டுநர். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்குள் குழுச் சட்டை வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும், முதுகில் என் பெயர். டீச்சர் அதை என்னிடம் காட்டினார். பிறகு என் பெயர்மேல் ஒரு துணியை ஒட்டித் தைத்து, எனக்குப் பதிலாகப் போன பெண்ணிடம் கொடுத்துவிட்டார். சட்டையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். கல்யாணமான புதிதில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சுகுமாறனிடம் சொன்னேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சட்டையில் பெயர் இருந்திருக்கும் அதே இடத்தில்.

போன வருஷம் செப்டம்பரில் கிள்ளானில் ஒரு தேர்வுப் போட்டி அறிவித்தார்கள். மாநிலக் குழுவில் ஓர் இடம் காலி. போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு அந்த இடம். ஆண், பெண், வயது, எந்த வித்தியாசமும் கிடையாது. எனக்கு நாற்பது முடிந்திருந்தது. இனி இப்படி ஒன்று வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். அன்று காலை காடியை ஸ்டார்ட் பண்ணும்போது அவரே சொன்னார்: "இன்னிக்கு உன் நாளு தனம். அந்தச் சட்டைய வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்." அதை அவர் மனதாரத்தான் சொன்னார். இன்றைக்கும் நான் அதைச் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை.

ஒரே நாளில் ஆறு சுற்று. ஐந்து முடிந்தபோது சுவரில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர்கள் ஒரே புள்ளியில் மேலே நின்றன. தனலெட்சுமி, சுகுமாறன். கடைசிச் சுற்றில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டம். ஜெயிப்பவர் குழுவில். டிரா ஆனால், அரைப்புள்ளி பின்னால் இருந்த பூச்சோங் பையன் தன் ஆட்டத்தை ஜெயித்து எங்களோடு சமமாகி, டைபிரேக் கணக்கில் எங்கள் இருவரையும் தாண்டிவிடுவான். ஆக, சமாதானமாகக் கை குலுக்கி எழுந்திருக்கிற வழியும் இல்லை.

இடைவேளையில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். லோகன் வந்து உட்கார்ந்தான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

"எதுக்குக்கா டென்ஷன்? யாரு போறதுன்னு ரெண்டு பேரும் இங்கயே பேசி முடிச்சிடுங்க லா. ஒருத்தவங்க தோத்துக் குடுத்தா மேட்டர் ஓவர்" என்றான்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "பேசி முடிக்கிறதுக்கு இது என்ன கல்யாணமா? அப்படின்னா வீட்டுலயே சீட்டுக் குலுக்கிப் பாத்துட்டு வந்திருப்போமே. எனக்குத் தோத்துக் குடுத்து வாங்கின சட்டை வேணாம். அவருக்கும் வேணாம்."

சுகுமாறன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "தனம் சொல்றதுதான் சரி. ரூல்படி ஆடுவோம்" என்றார்.

"அப்ப இன்னிக்கும் ஒதை வாங்கப் போறீங்க அண்ணே" என்றான் லோகன். பக்கத்து மேசையில் இருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தம்ளரில் பாதி டீ அப்படியே இருக்க எழுந்து போனார்.

கடைசி ஆட்டம் என்பதால் எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவராக இருந்த சல்மா எங்கள் சங்கத்துப் பெண்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "போனெல்லாம் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைத்தாள்.

அதற்கு முந்தின ஐந்து ஆட்டத்திலும் நான் ஒரு தடவைகூடக் கடிகாரத்தை மறக்கவில்லை. வெளியாட்களோடு ஆடும்போது என் கை ஒழுங்காகத் தன் வேலையைச் செய்யும். ஆனால் எதிரில் அவர். அதே சட்டைக் கை மடிப்பு, அதே மூச்சு. தொடக்கத்திலேயே ஒரு தடவை காயை வைத்துவிட்டுக் கையை மடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அவர் மோவாயால் கடிகாரத்தைக் காட்டினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். இரண்டு பேரும் லேசாகச் சிரித்தோம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருப்பதாகவே பட்டது. அதற்குப் பிறகு நான் பயப்படவே இல்லை. மறந்தாலும் சொல்ல ஆள் இருக்கிறது அல்லவா.

ஆட்டம் நீண்டது. இருவருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எனக்கு அது தெரிந்தது. என் யானையை அவர் ராஜாவுக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் அதை வெட்டினால் என் குதிரை செக் கொடுத்து ராணியைத் தூக்கிவிடும். வெட்டாவிட்டால் அடுத்ததே மேட். இரண்டு தடவை சரிபார்த்தேன். யானையை எடுத்து அங்கே வைத்தேன். பின்னால் நின்ற யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் தலை குனிந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். நெற்றியில் வேர்வை, காதோரத்தில் நரை. எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் தோற்கப் போகிறாரே, லோகன் இதை வருஷம் பூராவும் சொல்லிக்காட்டுவானே என்று தோன்றியது. போகிற வழியில் அவருக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு நாளைக்குச் சட்டைப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் புருஷனின் மனம் நோகக்கூடாது என்று நான் வழி தேடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது என் நேரம்.

லோகன் இருமினான். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். மறுபடியும் இருமினான். சல்மா அவனை முறைத்தாள். அமுக்க மறந்ததை எதிராளி சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நடுவரும் சுற்றி நிற்பவர்களும் வாய் திறக்கவே கூடாது. அதுதான் ரூல்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. யோசிக்கும்போது அவர் இடது காது மடலைத் தேய்ப்பார். எந்த ஆட்டத்திலும் தவறாது, மடல் சிவந்துபோகும். இப்போது தேய்க்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண் போர்டில் ஒரே கட்டத்தில் நின்றது. டிஜிட்டல் கடிகாரத்தின் பக்கம் திரும்பினேன். என் பக்கத்தில் எல்லாம் பூஜ்யமாக இருந்தது.

அவர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து உயர்த்தினார்.

"டைம்" என்றார்.

சல்மா வந்து குனிந்து பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் நிதானமாகப் பார்த்தாள். "சார், நீங்க கிளெய்ம் பண்றீங்களா?" என்று கேட்டாள். இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள் என்கிற குரல் அது. அவர் தலையை ஆட்டினார்.

ஆட்டம் முடிந்தால் கை குலுக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அவர் கை ஐஸாக இருந்தது. "கங்கிராட்ஸ்" என்றேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். எங்கே போட வேண்டும் என்று சல்மா விரலால் காட்டினாள். லோகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாயே மூடிக்கொண்டது என்றால் நடந்தது என்ன என்று எனக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

பரிசளிப்பில் போட்டோ எடுக்கிறவர், "கணவன் மனைவி பக்கத்துல நில்லுங்க, அழகா இருக்கும்" என்றார். நின்றேன். அவர் கையில் கோப்பை, என் கையில் இரண்டாம் பரிசுக் கேடயம். "சிரிங்க ஆன்டி." சிரித்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் படம் சங்கத்து வாட்ஸ்அப்பில் வந்து, கீழே இதயமும் கைதட்டலுமாகக் குவிந்துவிட்டது. ஜோடின்னா இப்படி இருக்கணும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

காடியில் அவர் வைப்பரைப் போட்டார், மழை இல்லாமலே. பிறகு அணைத்தார்.

"ரூல்ல இருக்குறதுதானே தனம்" என்றார். "நீதானே ரூல்படி ஆடணும்னு சொன்ன."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேற யாராச்சும் எதிர்ல இருந்திருந்தா, மறந்துட்டேன்னு உன்கிட்ட சொல்லியிருப்பாங்களா?"

"வேற யாராச்சும் எதிர்ல இருந்திருந்தா" என்றேன், "நான் மறந்திருக்கவே மாட்டேன்."

கிள்ளான் பாலம் தாண்டினோம். நண்டுப் பிரட்டல் கடை வந்தது. போனது.

வீட்டில் மாமியார் கோப்பையை வாங்கி முந்தானையால் துடைத்துச் சாமி மேடைக்குக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? யாரு ஜெயிச்சா என்ன, கப்பு ஒரே வீட்டுக்குத்தானே வந்திருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்றும் மறுநாளும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆபீஸில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், பாசாரில் மீன்காரர் சொன்னார். ஒரே வீட்டுக்குத்தானே. ஒரே வீட்டுக்குள் ஒருத்தி திருட்டுக் கொடுத்தால் அது திருட்டே இல்லை என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் சமைத்தேன், பரிமாறினேன், வேலைக்குப் போனேன். மேசையைத் துடைத்தேன். காய்களை மட்டும் எடுக்கவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு தாயாரோடு போய் டிவி பார்ப்பார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறமாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். யோசிக்கிறமாதிரி உட்கார்ந்திருந்த அந்த முகம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவர் ஜெயித்ததையோ நான் தோற்றதையோ எப்படியாவது விழுங்கிவிடலாம். அந்த முகத்தை மட்டும் விழுங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"நான் பாத்தேன் தனம்" என்றார். "நீ அமுக்கல. பாத்தேன். முதல்ல சொல்லத்தான் நெனச்சேன்."

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"உன் டைம் குறையுறதப் பாத்தேன். அப்ப லோகன் அங்க நின்னான். எல்லாரும் நின்னாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவனுங்க முன்னாடி ஜெயிச்சா எப்படி இருக்கும்னு தோணிச்சி. அப்புறம் கை வரல. கை வந்துடப் போவுதுன்னு பயந்துதான் அதுமேலயே உக்காந்தேன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். பக்கத்து வீட்டு மலர் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சல்மாகிட்ட பேசறேன்" என்றார். "நான் வரலன்னு சொல்லிடறேன். ரெண்டாவது ஆளு நீதான். நீ போ. அந்தச் சட்டைய நீ போட்டுக்க."

எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு நொடி என் முதுகில் அந்தத் துணி பட்டது. ஆனால் நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"அன்னிக்கு டீச்சர் என் சட்டைய எடுத்து இன்னொருத்திகிட்ட குடுத்தாங்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே வந்ததில்ல. ஏன்னா அவளுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே கையத் தொடைக்கு அடியில வச்சிக்கிட்டீங்க. இப்ப விட்டுக்குடுத்தா அது எனக்குப் பிச்சை. ஜெயிச்சது நீங்க. போய் ஆடிட்டு வாங்க."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸிலா, சல்மாவிடமா, சாமியிடமா? ரூல் புத்தகத்தில் அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு எங்கேயும் போய் நிற்க இடமில்லாமல் போனது.

சட்டை வந்தது. அதே சிவப்பு மஞ்சள். முதுகில் அவர் பெயர். மாமியார் பிரித்துப் பார்த்துவிட்டு, சுருக்கமாக இருக்கிறது, இஸ்திரி போட்டுவிடு என்று என் கையில் கொடுத்தார். போட்டேன். எழுத்துமேல் இரும்பு நேரடியாகப் படாமல், மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்துப் போட்டேன். மடித்து அவர் பையில் வைத்தேன். இஸ்திரி போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கை அந்தத் துணியிலேயே இருந்தது. முதல் தடவையாகத் தொடுகிறேன்.

மாநிலக் குழுவோடு போட்டிக்காக அவர் மலாக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், சாப்பிட்டு முடித்து நான் மேசையைத் துடைத்தேன். அவர் மெதுவாகப் போர்டை எடுத்துவந்து விரித்தார். காய்களை அடுக்கினார். பழைய மரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நடுவில் வைத்தார்.

"ஒரு கேம் ஆடறியா தனம்? பிராக்டீஸ் இல்லாம போறேன்."

மாநிலத்துக்கு ஆடப் போகிறவர் பயிற்சிக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்வது விளையாட்டுக்காரிக்கு அழகில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. "ஆரம்பிச்சிட்டாங்க" என்று மாமியார் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

வெள்ளை எனக்கு. சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன்.

அவர் கை தானாகவே நீண்டு என் பொத்தானை நோக்கி வந்தது. அதற்கு முன்னாலேயே என் கட்டைவிரல் அங்கே இருந்தது. அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். நகம் வெளுத்தது, வலி மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. டக்கென்று இறங்கியது. அவர் பக்கம் முள் நகரத் தொடங்கியது.

அவர் கை பாதி வழியில், காய்களுக்கு மேலே அப்படியே நின்றது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்துவிட்டது. ஆட்டத்தை மறந்துவிட்டார்.

"உங்க டைம் ஓடுது" என்றேன்.